மகளுக்குப் பழைய பங்களாத் தோட்டத்தில் 11 வார வேலைப்பயிற்சி: அனுப்பலாமா?

ஈசூன்_அம்மா | ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். என் மகள் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு, சுற்றுச்சூழல் படிக்கிறாள். மே மாதம் தேர்வு முடிந்தால் ஆகஸ்ட் வரை விடுமுறை. கூடப் படிக்கும் பிள்ளைகள் வங்கி, ஆலோசனை நிறுவனம் என்று வேலைப்பயிற்சிக்குப் பதிந்திருக்கிறார்கள். இவள் ஒரு தோட்டத்தில் பதிந்துவிட்டு வந்து நிற்கிறாள். நூறு வயது தாண்டிய கறுப்பு வெள்ளை பங்களா, அதைச் சுற்றிப் பெரிய பெரிய மரங்கள். இடத்தின் பெயரை இங்கே போட வேண்டாம் என்றாள், அதனால் போடவில்லை. வாரம் ஐந்து நாள், காலை 7 மணிக்கு அங்கே இருக்க வேண்டும்.

எனக்கு வேண்டாம் என்று இல்லை. சின்ன வயதிலிருந்தே தாழ்வாரத்துத் தொட்டிகளை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். ஆனால் என் மாமியார் அழுதுவிட்டார். "தோட்டத்துல இருந்து வெளிய வர நாங்க பட்ட பாடு உனக்குத் தெரியுமா? படிக்க வச்ச பிள்ளைய மறுபடியும் தோட்டத்துக்கே அனுப்புறியே" என்றார். அவர் மலேசியாவின் ஜொகூரில் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். எனக்கு என்ன பதில் சொல்வதென்றே தெரியவில்லை. சொந்தத்தில் சிலர் வெயிலில் கறுத்துப்போவாள் என்கிறார்கள்.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். 11 வாரத்தில் உண்மையில் என்ன செய்யச் சொல்வார்கள்? பாதுகாப்பு எப்படி?

செங்காங்_வாசி | ஞாயிறு, இரவு 10.15

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் அக்கா. இரண்டாம் ஆண்டு விடுமுறை முக்கியமானது. வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். செடி மேல் ஆசை என்றால் சனி, ஞாயிறுகளில் சமூகத் தோட்டத்தில் தொண்டு செய்யலாமே. 11 வாரத்தையும் இலை கூட்டுவதற்குக் கொடுக்க வேண்டுமா என்று ஒரு தடவை யோசியுங்கள்.

மரத்தடி | திங்கள், காலை 6.05

நான் மரப் பராமரிப்புத் தொழிலில் 14 வருடமாக இருக்கிறேன். வேலைக்குக் கிளம்பும் முன் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செங்காங் நண்பர் சொல்வது ஒரு விதத்தில் சரி. இலை கூட்டச் சொல்வார்கள். முதல் இரண்டு வாரம் அதுதான் பெரும்பகுதி. ஆனால் பழைய தோட்டத்தில் இலை கூட்டுவது ஒரு படிப்பு என்பதை நான் அனுபவத்தில் கண்டிருக்கிறேன். தினமும் ஒரே மரத்தடியைக் கூட்டுகிறவருக்குத்தான், நேற்று இல்லாத மரத்தூள் இன்று வேர் ஓரத்தில் கிடப்பது தெரியும். தூள் கிடந்தால் உள்ளே மரத்தைத் துளைக்கும் பூச்சி இருக்கலாம். அடிமரத்தில் தட்டுப்போலப் பழுப்புக் காளான் ஒன்று புடைத்திருந்தால் அது வேரை அழுகவைக்கும் கானோடெர்மாவாக இருக்கலாம். மேலே மரம் பச்சையாகச் செழித்து நிற்கும், கீழே வேர் அழுகிக்கொண்டிருக்கும். அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் இதைப் பார்க்க மாட்டார். முதலில் பார்ப்பவர் துடைப்பம் பிடித்தவர்தான்.

அதைப் பார்த்துச் சொன்ன பிறகு எங்களைப் போன்றவர்கள் வருவோம். சின்னச் சுத்தியலால் அடிமரத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டிக் கேட்போம். கெட்டியான இடத்தில் 'டக்' என்று வரும். பொந்து இருந்தால் சத்தம் உள்ளே போய்த் திரும்பும், பானையைத் தட்டினாற்போல. சந்தேகம் இருந்தால் ரெசிஸ்டோகிராஃப் என்ற கருவியால் மெல்லிய ஊசியைத் துளைத்து உள்ளே எவ்வளவு கெட்டி என்று வரைபடம் எடுப்போம். உங்கள் மகள் அதிர்ஷ்டம் இருந்தால் இதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்ப்பாள்.

2017 பிப்ரவரியில் பூமலையில் (சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தில்) 270 வயது கடந்த தெம்புசு மரம் விழுந்து ஒரு பெண் உயிரிழந்தது பலருக்கு நினைவிருக்கும். அந்த மரம் 40 மீட்டர் உயரம். அன்றிலிருந்து நான் எந்தப் பழைய மரத்தின் அடியில் நின்றாலும் முதலில் மேலே பார்க்கிறேன், பிறகு கீழே பார்க்கிறேன். பழைய தோட்டம் என்றால் அழகு மட்டும் இல்லை, இந்தப் பொறுப்பும் சேர்ந்ததுதான்.

பாதுகாப்பு பற்றிக் கேட்டீர்கள். இடி மின்னலும் வெப்பமும்தான் பெரிய ஆபத்து. ஜூன், ஜூலையில் விடியற்காலையிலேயே சுமத்ரா காற்று அடிக்கும், சில நிமிடத்தில் வானம் இருட்டிக் கொட்டித் தீர்த்துவிடும். அப்போது மரத்தடியில் ஒதுங்கவே கூடாது. மின்னல் எச்சரிக்கை வந்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் கட்டடத்துக்குள் போக வேண்டும். வெப்பத்துக்கு 2023 அக்டோபரில் மனிதவள அமைச்சு நடைமுறைகளைக் கடுமையாக்கியது. ஈரப்பதம், வெயில், காற்று எல்லாம் சேர்த்து அளக்கும் வெப்ப அளவு 32 டிகிரியைத் தொட்டால், கடும் உடலுழைப்பு செய்பவருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிடம் நிழலில் ஓய்வு தர வேண்டும். புதிதாக வருபவர்களை முதல் நாளே முழு வெயிலில் நிறுத்தக் கூடாது, ஒரு வாரமாவது உடம்பைப் பழக்க வேண்டும். போகுமிடத்தில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் யோசியுங்கள்.

புது_இலை | திங்கள், மதியம் 1.20

ஆன்டி, நான் போன வருடம் இதே போல ஒரு பழைய தோட்டத்தில் 10 வாரம் இருந்தேன். எனக்கு 21 வயது.

முதல் நாள் மாட்டுப்புல் களை எடுக்கச் சொன்னார்கள். நான் இழுத்தேன், மேலே இருந்தது கையோடு வந்தது. பக்கத்தில் வேலை செய்த அண்ணன் புதுக்கோட்டைக்காரர், ஒன்பது வருடமாக இங்கே இருக்கிறார். "தங்கச்சி, இழுத்தா அறுந்துரும். அது படுத்துக்கிட்டு ஓடுற புல்லு. கணு எங்க வேர் விட்டிருக்குன்னு பாத்துக் கிளப்பு" என்று, ஒரு பழைய ஸ்குரூடிரைவரைக் கணுவுக்கு அடியில் விட்டு நெம்பினார். ஒரு முழம் நீளத்துக்கு, ஐந்து கணுவோடு, முழுசாக வந்தது. அன்று மாலைக்குள் எனக்கும் வந்துவிட்டது. அவரிடம் படித்ததைத் தேர்விலும் எழுதினேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழைய தோட்டங்களில் செடிக்கு எண் இருக்கும். எந்த ஆண்டு வந்தது, எங்கிருந்து வந்தது என்பது அந்த எண்ணில்தான் இருக்கிறது. எண் தொலைந்தால் மரம் இருக்கும், வரலாறு போய்விடும். ஏழாவது வாரம் ஒரு நாகலிங்க மரத்தின் பின்பக்கம் பறவைக்கூட்டுப் பெரணி மறைத்திருந்த இடத்தில் ஓர் அலுமினியத் தகட்டைக் கண்டுபிடித்தேன். ஆணியோடு பாதி பட்டைக்குள் புதைந்திருந்தது. மரம் அதை விழுங்கிக்கொண்டிருந்தது. காகிதத்தை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்தபோது நான்கு இலக்கம் தெரிந்தது. பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே 'இடம் தெரியவில்லை' என்று எழுதியிருந்தது. அதை அடித்துவிட்டு இடத்தை எழுதச் சொல்லிப் பேனாவை என்னிடமே கொடுத்தார்கள். அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்தது.

ஆனால் எல்லா இடமும் இப்படி இருக்காது. என் தோழி வேறு ஓர் இடத்துக்குப் போனாள். பாதி நாள் நிகழ்ச்சிகளுக்கு நாற்காலி போட்டாள், மீதி நாள் பதாகை தூக்கினாள். செடியைத் தொடவே இல்லை. அதனால் 'யார் எனக்குச் சொல்லிக்கொடுப்பார்கள், வாரத்தில் எத்தனை நாள் தோட்டத்தில் இருப்பேன்' என்று எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

கேனிங்_மலை | திங்கள், மாலை 5.50

நல்ல இழை. சிங்கப்பூரே ஒரு தோட்டத்தில் தொடங்கிய ஊர்தான். ராஃபிள்ஸ் 1822 இல் பூமலையை அமைத்தார் அல்லவா? அப்படிப்பட்ட இடங்களில் வேலை செய்யக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

புது_இலை | திங்கள், மாலை 6.30

ஒரு சின்னத் திருத்தம் அண்ணா. 1822 தோட்டம் கேனிங் கோட்டை மலைச் சரிவில் இருந்தது. ராஃபிள்ஸும், கல்கத்தா தாவரவியல் தோட்டத்திலிருந்து வந்த வாலிச்சும் சேர்ந்து தொடங்கினார்கள். ஜாதிக்காய், கிராம்பு, கொக்கோ எல்லாம் இங்கே காசு தருமா என்று பார்ப்பதற்கான சோதனைத் தோட்டம் அது. 1829 இல் மூடிவிட்டார்கள். இப்போதைய பூமலை 1859 இல் தங்ளின் பகுதியில் தொடங்கியது. யுனெஸ்கோ மரபுடைமைத் தலமானது 2015 இல்.

கேனிங்_மலை | திங்கள், மாலை 6.45

நன்றி தங்கை, இரண்டையும் ஒன்றாகவே நினைத்திருந்தேன். ஆர்ச்சர்ட் சாலைக்கு அந்தப் பெயர் வந்ததும் பழத்தோட்டம், ஜாதிக்காய்த் தோட்டம் இருந்ததால்தான். அதிபர் மாளிகையான இஸ்தானா நிற்கும் நிலமும் பிரின்செப் என்பவரின் ஜாதிக்காய்த் தோட்டமாக இருந்தது. மரங்களுக்கு நோய் வந்து தோட்டங்கள் அழிந்தன. பிறகு அந்த இடத்தில் 1869 இல் மாளிகை எழுந்தது. கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். தீபாவளிக்கு இஸ்தானா திறக்கும்போது வரிசையில் நிற்கும் நம் ஆட்களுக்கு இது தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஓய்வுக்காலம் | திங்கள், இரவு 8.30

ஈசூன் அம்மாவுக்கு, உங்கள் மாமியாருக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு 74 வயது. நானும் ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். அவர் ஏன் அழுதார் என்று எனக்குத் தெரியும்.

விடியும் முன்னே பெரட்டுக்கு மணி அடிப்பார்கள். பெயர் கூப்பிடும்போது இல்லாவிட்டால் அன்று கூலி இல்லை. அம்மா கையில் விளக்கோடு தன் நிரைக்கு, அதாவது மர வரிசைக்கு, போவார். மழை பெய்து பட்டை நனைந்தால் வெட்ட முடியாது. அன்றைக்கும் கூலி போச்சு. பட்டணத்துப் பள்ளிக்கு வந்தபோது என்னைத் 'தோட்டக்காட்டான்' என்று கூப்பிட்டார்கள். அந்தச் சொல்லிலிருந்து தப்பிக்கத்தான் நாங்கள் எல்லாம் படித்தோம், சிங்கப்பூருக்கு வந்தோம், வீவக அடுக்குமாடி வீடு வாங்கினோம். ஆகையால் பேத்தி 'தோட்டத்துக்குப் போகிறேன்' என்றால் அந்தக் கிழவிக்கு அடிவயிறு கலங்கத்தான் செய்யும். கோபப்படாதீர்கள்.

ஆனால் அவரிடம் ஒரு கதையைச் சொல்லுங்கள். நம்மை இங்கே கொண்டுவந்த மரம் முதலில் வேர் விட்டது பூமலையில்தான். 1876 இல் பிரேசிலிலிருந்து ரப்பர் விதை லண்டன் கியூ தோட்டத்துக்குப் போனது. அங்கே முளைத்ததில் 22 கன்றுகள் 1877 இல் சிங்கப்பூருக்கு வந்தன. 1888 இல் ரிட்லி என்பவர் பூமலைக்குப் பொறுப்பாக வந்தார். அதற்கு முன் பால் எடுக்க மரத்தைக் கண்டபடி வெட்டுவார்கள், மரம் செத்துப்போகும். அவர்தான், வெட்டிய இடத்திலேயே மெல்லிய பட்டையை மட்டும் திரும்பத் திரும்பச் சீவினால் மரமும் பிழைக்கும், பாலும் வரும் என்று கண்டுபிடித்துக் காட்டினார். ரப்பர் நடுங்கள் என்று தோட்ட முதலாளிகளிடம் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருந்ததால் அவரைப் பைத்தியக்கார ரிட்லி என்றார்கள். முதலில் கேட்டவர் மலாக்காவில் டான் சே யான், 1896 இல் நட்டார். பிறகு மலாயா முழுக்க ரப்பர். அந்த மரத்துக்கு ஆள் தேவைப்பட்டுத்தான் கங்காணிகள் நம் ஊர்களுக்கு வந்தார்கள், என் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறினார்.

என் அம்மாவுக்கு எந்த மரம் எந்த மாதத்தில் பால் குறைக்கும், எந்தப் பட்டை வலிக்கும், எதற்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று எல்லாம் தெரியும். 31 வருடம் வெட்டினார். ஒருவர்கூட அவரிடம் வந்து 'உனக்கு என்ன தெரியும் தாயே' என்று கேட்டதில்லை. அது அவரோடேயே போய்விட்டது. உங்கள் மகள் போவது வேறு மாதிரியான இடம். அங்கே மரத்தைப் பற்றிக் கேட்பார்கள், அவள் எழுதி வைப்பாள். உங்கள் மாமியார் இன்னும் இருக்கிறார். போவதற்கு முன் அவள் முதலில் அவரிடம் உட்கார்ந்து கேட்கட்டும்.

ஈசூன்_அம்மா | திங்கள், இரவு 11.10

ஐயா, உங்கள் பதிவைக் கைப்பேசியில் சத்தமாக வாசித்தேன். அத்தை ஒன்றும் பேசவில்லை. "பெரட்டு" என்ற சொல் வந்தபோது மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.

எல்லாருக்கும் நன்றி. இன்னும் சில நடைமுறைச் சந்தேகங்கள். கழிப்பறை பக்கத்தில் இருக்குமா? கொசு? என்ன உடுப்பு, என்ன காலணி?

நந்தியாவட்டை | செவ்வாய், காலை 10.25

நான் ஒரு கூட்டுரிமை வீட்டுத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறேன், பெண்தான். கழிப்பறையை முதல் நாளே காட்டச் சொல்லுங்கள். வேலை செய்யும் மூலையிலிருந்து எவ்வளவு தூரம் என்று நடந்து பார்க்கச் சொல்லுங்கள். கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிட்டுத்தான் நம் பிள்ளைகள் மயங்கி விழுகிறார்கள். மாதவிலக்கு நாளில் நிழல் வேலை கேட்கலாம், கேட்பதில் தப்பில்லை.

நீளக் கைச் சட்டை, பருத்தி. பின்கழுத்தை மூடும் தொப்பி. தடித்த அடிப்பாகம் உள்ள மூடிய காலணி. காலுறை கட்டாயம் இரண்டு ஜோடி எடுத்துப் போகட்டும், மழையில் நனைந்ததோடு நாள் முழுக்க நின்றால் விரல் இடுக்கில் புண் வந்துவிடும். இக்சோராப் புதரில் கை விடும் முன் கெரெங்கா எறும்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இலைகளை ஒட்டிக் கூடு கட்டியிருக்கும், கடித்தால் கண்ணில் தண்ணீர் வரும்.

கொசு என்றால் டெங்கிதான் கவலை. மருந்து பூசிக்கொள்ளட்டும். ஆனால் தோட்டத்தில் இருப்பவர் கடிபடாமல் இருப்பதோடு நிறுத்த முடியாது, கொசு பெருகாமலும் பார்க்க வேண்டும். தொட்டியின் கீழ்த்தட்டு, விழுந்து கிடக்கும் அகலமான இலை, பிரோமெலியாச் செடியின் நடுக்குழி, இதில் எல்லாம் தேங்கும் ஒரு மடக்குத் தண்ணீர் போதும். முட்டை ஒரு வாரத்தில் கொசுவாகிப் பறந்துவிடும். பழைய பங்களாக்களில் மழைநீர்க் கால்வாய் அகலமாக, மட்டம் சரியில்லாமல் இருக்கும். அதை யார் பார்க்கிறார்கள் என்று கேட்கட்டும்.

கறுத்துப்போவாள் என்று சொன்ன சொந்தக்காரர்களுக்கு என் சார்பில் ஒன்று. நான் கறுப்புதான், வெயிலிலும் நிற்கிறேன். என் கைபட்ட நந்தியாவட்டை வேலி 60 மீட்டர் நீளத்துக்குப் பூத்திருக்கிறது. என் மகளும் அதைப் பார்த்துத்தான் வளர்கிறாள். தோல் நிறத்துக்குப் பயந்து ஒரு பிள்ளையை வீட்டுக்குள் வைப்பதை நான் ஏற்கவே மாட்டேன்.

செங்காங்_வாசி | செவ்வாய், இரவு 9.00

முழுவதும் வாசித்தேன். இலை கூட்டுவது என்று நான் எழுதியது சரியில்லை, மன்னிக்கவும். இருந்தாலும் பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்று மீதி இருக்கிறது. படித்து முடித்தபின் இதில் பிழைப்பு உண்டா?

மரத்தடி | செவ்வாய், இரவு 9.50

உண்டு. மரப் பரிசோதகர், நிலவனப்பு மேற்பார்வையாளர், தேசியப் பூங்காக் கழகம், உலர்தாவரக் காப்பகம் என்று பாதைகள் இருக்கின்றன. பூமலைக் காப்பகத்தில் மட்டும் 7.5 லட்சத்துக்கும் மேல் காய்ந்த மாதிரிகள் உள்ளன, அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்கள் வேண்டும். வங்கிச் சம்பளம் வராது, அதையும் நேராகச் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று. அவள் வெளியே வந்த பிறகு கட்டடம் கட்டப் போனாலும், அலுவலகத்தில் திட்டம் போட்டாலும், ஒரு மரத்தின் வேர்மேல் மண்ணைக் கொட்டினால் என்ன ஆகும் என்று தெரிந்தவளாக இருப்பாள். அடிமரத்தைச் சுற்றி மண்ணையோ மட்கையோ குவித்து மூச்சு முட்டவைத்துக் கொன்ற மரங்களை நான் வருடம் முழுக்க வெட்டுகிறேன். திட்டம் போட்டவருக்கு 11 வாரத் தோட்ட அனுபவம் இருந்திருந்தால் அதில் பாதி மரம் நின்றிருக்கும்.

ஈசூன்_அம்மா | ஞாயிறு, மாலை 7.15

எல்லாருக்கும், முக்கியமாக ஓய்வுக்காலம் ஐயாவுக்கு.

இன்று காலை அத்தையைப் பூமலைக்கு அழைத்துப்போனோம். முதலில் வரமாட்டேன் என்றார். 5 வெள்ளி நோட்டில் இருக்கும் தெம்புசு மரத்தை மகள் காட்டினாள். பூத்திருந்தது, வெள்ளை வெள்ளையாகக் கீழே உதிர்ந்து கிடந்தது. அதற்கெல்லாம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் மெதுவாக நடந்து ரப்பர் மரத்தடிக்கு வந்தோம்.

பெயர்ப் பலகையைப் பார்க்கும் முன்பே நின்றுவிட்டார். கையைப் பட்டையில் வைத்தார். சுட்டுவிரலால் இடது பக்கம் மேலே தொடங்கி வலது பக்கம் கீழே சரிவாகக் கோடு போட்டுக் காட்டினார். "இப்படித்தான் வெட்டணும். மாத்தி வெட்டினா பால் கம்மி" என்றார். மகள் உடனே, பட்டைக்குள் பால் குழாய்கள் நேராகப் போகாமல் கொஞ்சம் சாய்ந்து போகின்றன, அதனால்தான் இந்தப் பக்கமாக வெட்டினால் நிறையக் குழாய் அறுபடும் என்று பாடத்தில் படித்ததைச் சொன்னாள். அத்தை அவளை நிமிர்ந்து பார்த்தார். "அதெல்லாம் எனக்குத் தெரியாது. வெட்டினா தெரியும்" என்றார். பிறகு அவளுடைய கையைப் பிடித்து, உளியை எப்படிப் பிடிக்க வேண்டும், மணிக்கட்டை எங்கே தளர்த்த வேண்டும், கட்டையைத் தொட்டுவிட்டால் மரத்துக்குக் காயம், அந்த இடத்தில் முண்டு விழும், மறுபடி அங்கே வெட்டவே முடியாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மகள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். ஒட்டுப்பால் (வெட்டில் காய்ந்து ஒட்டிய பால்), மங்கு (பால் பிடிக்கும் கிண்ணம்), நிரை என்று எல்லாச் சொல்லையும் கேட்டு எழுதினாள்.

ஏன் விடியும் முன் வெட்டுவீர்கள் என்று கேட்டாள். "வெயில் ஏறினா பால் நின்னுரும்" என்றார். நான் கல்யாணமாகி வந்து 24 வருடம் ஆகிறது. இதில் ஒன்றைக்கூட அவரிடம் நான் கேட்டதில்லை.

திரும்பும் வழியில் பேருந்தில், "ஏழு மணிக்குத்தானா? நாலு மணிக்கு எழுப்ப வேண்டாமே" என்று மட்டும் சொன்னார். போகட்டும் என்று வாயால் இன்னும் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் அலமாரியைத் திறந்து, தன் பழைய பருத்திக் கைலி ஒன்றை எடுத்து நான்காகக் கிழித்துக்கொண்டிருக்கிறார். தொப்பிக்கு அடியில் கழுத்தைச் சுற்றிக் கட்டிக்கொள்ளவாம்.

புது_இலை சொன்னபடி யார் சொல்லிக்கொடுப்பார்கள் என்று எழுத்தில் கேட்டோம், பெயரோடு பதில் வந்துவிட்டது. கழிப்பறை தூரமும் கேட்டாயிற்று, இரண்டு நிமிட நடை. நாளைக் காலை முதல் நாள். நந்தியாவட்டை, நீங்கள் இரண்டு ஜோடி காலுறை சொன்னீர்கள், நான் மூன்று வைத்திருக்கிறேன்.